தாய்மாமன் கணக்கும் நெய்வேலி வட்டங்களும்

காதுகுத்துக்கு என்னென்ன வேணும்? ஒரு ஆசாரி, ஒரு ஜோடி தோடு, அழுகையை நிறுத்த வாழைப்பழமோ மிட்டாயோ, அப்புறம் குழந்தை உட்கார ஒரு தாய்மாமன் மடி. முதல் மூன்றுக்கும் காசு இருந்தால் போதும். நாலாவது, உங்கள் மாமனாரும் மாமியாரும் முப்பது வருஷத்துக்கு முன்னால் எத்தனை பிள்ளையோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது.

எங்கள் வீட்டில் அந்த மடி இல்லை. என் மனைவியுடன் பிறந்தது ஒரு தங்கை மட்டும். எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது மனைவியின் பெரியப்பா மகன் வந்து உட்கார்ந்தார். எந்தக் குறையும் இல்லை, சீரும் செய்தார். ஆனால் எங்கள் மகளோ ஒற்றைப் பிள்ளை. நாளைக்கு அவள் குழந்தைக்கு யார் உட்காருவார் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கு காதுகுத்தைத் தாண்டி வேறெங்கோ போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கணக்கு ரொம்ப எளிது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு தம்பதிக்கும் 5 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுடன் பிறந்தவர்கள் 4 பேர், அம்மாவுடன் பிறந்தவர்கள் 4 பேர். இந்த 8 பேருக்கும் தலா 5 பிள்ளைகள். ஆக, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, சித்தப்பா, பெரியப்பா மக்கள் எல்லோரையும் சேர்த்தால் 40 பேர். இப்போது பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தம்பதிக்கு 4 என்றால் 24 பேர். 3 என்றால் 12. 2 என்றால் வெறும் 4. ஒன்று என்றால் பூஜ்யம்.

கவனிக்க வேண்டியது இந்தச் சரிவின் வேகம். பிள்ளைகள் 4லிருந்து 2 ஆகும்போது, அதாவது பாதியாகும்போது, ஒன்றுவிட்ட உறவு ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. நாம் "குடும்பம் சின்னதாயிடுச்சு" என்று சொல்லும்போது மனதில் நினைப்பது பாதியை. நடந்திருப்பது ஆறில் ஒன்று.

நிஜ வாழ்க்கை இவ்வளவு சீராக இருக்காதுதான். சராசரி 2 என்றால் எல்லா வீட்டிலும் 2 என்று அர்த்தமில்லை. பெரிய குடும்பங்களில்தான் அதிகக் குழந்தைகள் பிறக்கின்றன என்பதால், ஒரு குழந்தையின் பக்கம் நின்று எண்ணினால் உறவினர் தொகை இந்தக் கணக்கை விடக் கொஞ்சம் கூடவே வரும். பழைய காலத்தில் பிறந்தவர்கள் எல்லாம் பிழைத்ததும் இல்லை. ஆனாலும் போக்கு இதுதான். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி பிள்ளைகள் 1992-93இல் 2.5, 2019-21இல் 1.8.

இதில் தமிழ் உறவுமுறைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் அங்கிள், ஆன்ட்டி, கசின் என்று மூன்று சொல்லோடு முடிந்துவிடும். நம்மிடம் பெற்றோருடன் பிறந்தவர்களுக்கு நாலு பெட்டிகள் இருக்கின்றன. அப்பாவின் சகோதரன், அப்பாவின் சகோதரி, அம்மாவின் சகோதரன், அம்மாவின் சகோதரி. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வேலை. மடியில் உட்காரவைப்பதும் மஞ்சள் நீராட்டுக்குச் சீர் கொண்டுவருவதும் தாய்மாமன். தாலியில் மூன்றாம் முடிச்சு போடுவது நாத்தனார். பொரியிட மைத்துனன். (ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி இது மாறும்.) இந்த அமைப்பைப் பற்றி தாமஸ் டிரவுட்மன் 1981இல் 'திராவிட உறவுமுறை' பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். மாமா மகனும் சித்தப்பா மகனும் ஒன்றல்ல, ஒருவர் முறைப்பையன், இன்னொருவர் அண்ணன் தம்பி என்ற வேறுபாடுதான் அந்த அமைப்பின் அச்சாணி.

வீட்டுக்கு 2 பிள்ளை என்றால், அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒருவர், அப்பாவுக்கு ஒருவர். நாலு பெட்டியில் எப்போதும் ரெண்டு காலி. தாய்மாமன் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ பாதி. தாய்மாமன், அத்தை ரெண்டு பேரும் இருப்பதற்கான வாய்ப்பு கால்வாசி. 5 பிள்ளைக் காலத்தில் தாய்மாமன் இருப்பதற்கான வாய்ப்பு 94 சதவீதம். அந்த எண்ணை நம்பித்தான் அந்தச் சடங்குகள் எல்லாம் உருவாகியிருக்கின்றன.

உறவினர் எண்ணிக்கையைக் கணிதமாகப் போட்டுப் பார்ப்பது புதிதல்ல. குட்மன், கீஃபிட்ஸ், புல்லம் என்ற மூவர் 1974இலேயே இதற்கான சூத்திரங்களைக் கொடுத்துவிட்டார்கள். 2023 கடைசியில் அல்புரெஸ்-குட்டியெர்ரெஸ் குழுவினர் உலக நாடுகள் எல்லாவற்றுக்கும் கணித்து வெளியிட்டார்கள். 1950இல் 65 வயதுப் பெண்மணிக்கு உயிரோடிருக்கும் உறவினர் சராசரியாக 41 பேர், 2095இல் 25 பேர் என்பது அவர்கள் கணிப்பு. அவர்கள் சொல்லும் இன்னொன்று முக்கியமானது. உறவு குறைவது மட்டுமில்லை, அதன் வடிவமும் மாறுகிறது. பக்கவாட்டு உறவுகள் சுருங்கி, தாத்தா பாட்டி, கொள்ளுத்தாத்தா என்று மேலும் கீழும் நீள்கிறது. பூசணிக்கொடி மாதிரி படர்ந்த குடும்பம் பாக்குமரம் மாதிரி நெட்டையாகிறது.

இங்கே ஒரு நண்பர் வழக்கமாகக் குறுக்கிடுவார். "அந்தக் காலத்துக் கூட்டுக்குடும்பம் போச்சு, அதான் பிள்ளைங்க கெட்டுப்போச்சு" என்பது அவர் கட்சி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏ.எம். ஷா 1973இல் வெளியிட்ட நூலில், குஜராத் கிராமம் ஒன்றின் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கப் பதிவுகளை வைத்து, அப்போதே சின்ன வீடுகள்தான் அதிகம் என்று காட்டினார். யோசித்தால் ஆச்சரியமில்லை. 1941-51 பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். சிசு மரணங்கள் அந்த எண்ணை ரொம்பவே கீழே இழுக்கின்றன என்பது உண்மை. இருந்தாலும் பேரன் பேத்தியைத் தூக்கி வளர்க்கும் அளவுக்குத் தாத்தா பாட்டி நாலு பேரும் உயிரோடிருந்த வீடுகள் அன்று குறைவு. அன்றைக்கு இருந்தது ஒரே கூரை அல்ல. ஒரே தெரு. தனித்தனி அடுப்பு, ஆனால் கூப்பிடு தூரத்தில் பெரியப்பா வீடு. இழந்தது எது என்று சரியாகத் தெரிந்தால்தான் அதற்கு மாற்று தேட முடியும்.

இந்த இடத்தில்தான் நான் வளர்ந்த ஊர் ஒரு நல்ல பரிசோதனைக் கூடமாகத் தெரிகிறது.

நெய்வேலி கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்பாக ஏதோ வந்தது, 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது, அடுத்த வருஷம் மின்சாரம். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் வரும். வராதது, அதைத் தோண்ட வந்தவர்களின் குடும்பக் கதை. தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும், கேரளா, ஆந்திராவிலிருந்தும் இருபது இருபத்தைந்து வயது ஆட்கள் வந்தார்கள். கல்யாணம் ஆனதும் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பங்காளிகளும் மாமன் மச்சானும் ஊரிலேயே இருந்துவிட்டார்கள். ஆகவே 1960களிலேயே ஆயிரக்கணக்கான இளம் தாய்மார்கள், கூடமாட ஒரு உறவுக்காரர் இல்லாமல் பிள்ளை வளர்க்க ஆரம்பித்தார்கள். சென்னையின் அடுக்குமாடிகளுக்கும் பெங்களூருக்கும் பிறகு வந்த நிலைமை, கடலூர் மாவட்டத்தின் முந்திரிக்காட்டு நடுவே முப்பது வருஷம் முன்னாடியே வந்துவிட்டது. ஒரு வித்தியாசம். அவர்களுக்கு உறவு எண்ணிக்கையில் குறையவில்லை, தூரத்தில் குறைந்தது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் 24 பேரும் அங்கே இருந்தார்கள்.

மற்ற பத்து மாதத்துக்கு என்ன செய்தார்கள்? வட்டத்தை உறவாக்கிக்கொண்டார்கள். (நெய்வேலியில் பிளாக்கை வட்டம் என்போம். "எந்த வட்டம்?" என்பதுதான் அங்கே அறிமுகக் கேள்வி.) அடுத்த வீட்டுக்காரர் மாமா, அவர் மனைவி அத்தை. அப்பா மாதிரி கண்டிக்க உரிமை, ஆனால் அப்பா அளவுக்குப் பயமில்லை. எதிர்வீட்டு மாமா என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் அப்பாவுக்குச் செய்தி போகும். அப்பா சுரங்கத்துக்குள் இருப்பார், அவ்வளவு சுலபத்தில் கூப்பிட முடியாது.

இது நல்ல மனசால் மட்டும் நடந்ததென்று நான் நினைக்கவில்லை. அமைப்பு அப்படி. முதலாவது ஷிஃப்ட். சுரங்கமும் அனல்மின் நிலையமும் மூன்று ஷிஃப்டில் ஓடும். ஒரு தெருவில் ஒன்பது அப்பாக்கள் ஷிஃப்டில் இருந்தால், சாயந்திரம் ஐந்து மணிக்குச் செகண்ட் ஷிஃப்ட் போன மூன்று பேர்தான் வேலையில். காலை ஷிஃப்ட் முடித்த மூன்று பேர் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்கள். நைட் ஷிஃப்டுக்குப் போகவேண்டிய மூன்று பேர் தூங்கி எழுந்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் தெருவில் விளையாடும் அந்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வீட்டில். இன்றைக்கு எந்த அடுக்குமாடியிலும் ஐந்து மணிக்கு அப்படி ஒரு காட்சியைப் பார்க்க முடியாது. ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதியபோது தெருவின் மேல் கண்கள் இருக்க வேண்டும் என்றார். பிள்ளைகள் தெருவில் பொறுப்பு கற்றுக்கொள்வது, தங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு பெரியவர் தங்கள் மேல் அக்கறை எடுப்பதைப் பார்த்துத்தான் என்பது அவர் வாதம். அவர் நியூயார்க்கின் ஒரு தெருவைப் பார்த்து எழுதினார். எனக்கு அதைப் படிக்கும்போது டீ டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் நைட் ஷிஃப்ட் மாமாதான் தெரிந்தார்.

இரண்டாவது, அம்மாக்கள். இதைச் சொல்லாமல் பழைய நெய்வேலியைப் புகழ்வது நேர்மையாகாது. என் அம்மா கணக்கில் பட்டம் வாங்கியவர். தெருப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் பின்னமும் தசமமும் சொல்லிக்கொடுத்தார். ஒரு பைசா சம்பளம் கிடையாது, வேறு வேலைக்கும் போகவில்லை. அந்த வட்டம் முழுக்க இப்படிச் சம்பளமில்லாத படித்த பெண்களின் உழைப்பில்தான் ஓடியது. இன்று என் மனைவி காலை எட்டரைக்கு அலுவலகம் கிளம்புகிறார். அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு அந்தத் தெருவைத் திரும்பக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கண்கள் எப்போதும் அன்பாகவும் இருக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை சைக்கிளை நிறுத்தி ஒரு பையனோடு ரெண்டு நிமிஷம் பேசினால், அவள் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போயிருக்கும். பதவிக்குத் தகுந்த குவார்ட்டர்ஸ் என்பதால் அப்பாவின் கிரேடு பிள்ளைகள் விளையாடும் கூட்டத்தையும் தீர்மானித்தது. டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இந்த மாமா அத்தை வட்டத்துக்குள் வரவே இல்லை. நிலம் கொடுத்த கிராமங்களின் கணக்கு இன்னும் வேறு. எங்கள் பெற்றோர் தாமாகத் தெருவை விட்டு வந்தார்கள். அவர்களுக்குத் தெருவே இடம் பெயர்ந்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெல்வயலில் கால்வாய்க்காக இயந்திரங்கள் இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். பேச்சு இழப்பீட்டையும் வேலையையும் பற்றியே இருந்தது. ஒரு கிராமம் கலையும்போது யார் வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்ற ஏற்பாடும் சேர்ந்து கலைகிறது என்பதற்கு எந்த மதிப்பீட்டிலும் இடமில்லை.

சரி, இவ்வளவு பேர் உண்மையிலேயே தேவையா? அம்மா அப்பா போதாதா? மானுடவியல் சொல்லும் பதில் கொஞ்சம் கறாரானது. சிம்பன்சித் தாய் தன் குட்டியைப் பிறந்து பல மாதத்துக்கு வேறு யார் கையிலும் கொடுக்காது. மனிதத் தாய் பிறந்த அன்றைக்கே கொடுத்துவிடுகிறாள். மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் எஃபே மக்களிடம் ஒரு கைக்குழந்தையைப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் மாறி மாறித் தூக்கி வைத்துக்கொள்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாரா ஹிர்டி 2009இல் எழுதிய புத்தகத்தின் மையமே இதுதான். மனிதக் குழந்தை வளர ரொம்பக் காலம் ஆகும், ரொம்பச் செலவாகும், தாய் ஒருத்தியால் முடியாது என்பதாலேயே நாம் கூட்டாகப் பிள்ளை வளர்க்கும் இனமாக ஆனோம் என்கிறார். ரெபெக்கா சியர், ரூத் மேஸ் இருவரும் 2008இல் 45 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். குழந்தை பிழைப்பதற்குத் தாய்க்கு அடுத்தபடி பெரும்பாலான இடங்களில் உதவியது அம்மாவைப் பெற்ற பாட்டி. அப்பாவின் பங்கு நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவாகத்தான் தெரிந்தது. (அப்பாக்கள் மனம் நோக வேண்டாம். அது பிழைத்தல் பற்றிய ஆய்வு, வளர்ப்பு பற்றியதல்ல.) இன்னொரு விஷயம், யார் உதவுகிறார் என்பது இடத்துக்கு இடம் மாறியது. ஆனால் தாயைத் தவிர யாரோ ஒருவர் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இருந்தார்.

நெய்வேலி அந்த 'யாரோ ஒருவரை' ரத்த சம்பந்தம் இல்லாமல் ஒரு தலைமுறைக்குக் கொடுத்தது. ஒரே ஒரு தலைமுறைக்குத்தான். 60களில் சேர்ந்தவர்கள் 90களிலும் 2000களிலும் ஓய்வு பெற்றார்கள். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஒரு தெருவில் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள் என்பதால் நாலைந்து வருஷத்தில் தெருவே காலி. வடலூர், கடலூர், திருச்சி, சென்னை என்று அவரவர் கட்டிய வீட்டுக்குப் போனார்கள். "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் நெய்வேலிப் பிள்ளைகள் ஒரு வினாடி தயங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிறந்து வளர்ந்த வீட்டில் இப்போது வேறு ஒரு குடும்பம் இருக்கும், இல்லையென்றால் யாருமே இருக்க மாட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள்தான் இன்று நாற்பதுகளில் பெற்றோராக இருக்கிறோம். எங்களுக்கு ரெண்டு குறையும் ஒன்றாக வந்திருக்கிறது. தூரமும் வந்தது, எண்ணிக்கையும் விழுந்தது. கோடை விடுமுறைக்குப் போகவும் 24 பேர் இல்லை. கையிலிருப்பது பாக்குமரத்தின் உச்சி, அதாவது தாத்தா பாட்டிகள். எழுபது வயதில் அவர்கள் முறைவைத்து வேலை செய்கிறார்கள். அமெரிக்காவில் மகள் பிரசவம் என்றால் ஆறு மாதம் அவள் அம்மா, பிறகு ஆறு மாதம் மாமியார், விசா முடிய முடிய ஆள் மாறும். நெய்வேலியில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நியூ ஜெர்சியில் மறுபடி ஷிஃப்டுக்குப் போகிறார்கள். ஒரு பாட்டிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால் மொத்த அட்டவணையும் சரியும். மென்பொருளில் இதை ஒற்றைப் புள்ளிச் சிக்கல் என்போம். ஒரு சர்வர் விழுந்தால் எல்லாம் விழும்.

தெருவும் சுருங்கிவிட்டது, இங்கே மட்டுமில்லை. மேயர் ஹில்மன் குழு இங்கிலாந்தில் செய்த ஆய்வில், 1971இல் 7, 8 வயதுக் குழந்தைகளில் 80 சதவீதம் பேர் தனியாகப் பள்ளிக்குப் போனார்கள், 1990இல் 9 சதவீதம். கார்கள் பெருகியதால் பெற்றோர் பயந்தார்கள். நம் ஊரில் வண்டி பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பழைய காலத்தில் எல்லார் வீட்டுக்கும் பிள்ளைகளை அனுப்பினோம் என்று பெருமைப்படுகிறவர்களிடம் நான் கேட்பது, அந்தப் பிள்ளைகள் எல்லாம் எல்லாவற்றையும் வீட்டில் சொன்னார்களா என்பதுதான். 2012இல் போக்சோ சட்டம் வந்த பிறகு பதிவான வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர்களே. கதவைத் திறந்துவைப்பதில் நிஜமான ஆபத்து உண்டு. மூடியே வைப்பதிலும் உண்டு. ரெண்டு பெரியவர்களை மட்டுமே தெரிந்து வளரும் குழந்தைக்கு, அந்த ரெண்டு பேரில் ஒருவரால் பிரச்சினை என்றால் போய்ச் சொல்ல மூன்றாவது ஆள் கிடையாது. இந்த ரெண்டாவது ஆபத்தை நாம் அதிகம் பேசுவதில்லை.

சட்டம் ஒரு வழி காட்டியிருக்கிறது. 2017 திருத்தத்துக்குப் பிறகு 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். நல்லது. ஆனால் காப்பகம் ஆறு வயதுக்குள் முடிந்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளை மூன்றே முக்காலுக்குப் பள்ளி வேனிலிருந்து இறங்கினால் ஆறரை வரை என்ன செய்யும்? கராத்தே, கீபோர்டு, அபாகஸ் என்று நாம் சேர்த்துவிடுவதில் பாதி திறமை வளர்க்க அல்ல, அந்த மூன்று மணி நேரத்தை நிரப்பத்தான். மிச்சத்தை போன் நிரப்பும்.

எங்கள் மாடியில் ஆறு வீடு. இந்த வருஷம் ஜூனிலிருந்து நாலு வீட்டார் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். பள்ளி விட்டதும் நாலு வீட்டு ஐந்து பிள்ளைகளும் அன்றைக்கு முறை உள்ள வீட்டுக்குப் போவார்கள். அந்த வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளை அதற்கேற்ப மாற்றிக்கொண்டோம், என் அம்மா ரெண்டு நாள் எடுத்துக்கொண்டார். வாசல் கதவு திறந்தே இருக்கும், எந்தக் குழந்தையும் தனியாக ஒருவரோடு உள்ளறையில் இருக்கக்கூடாது, எந்த வீட்டிலும் 'ரகசியம்' கிடையாது. இதைப் பெரியவர்கள் முகத்துக்கு நேராகவே பேசி முடிவு செய்தோம். முதல் பத்து நிமிஷம் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு எல்லோருக்குமே நிம்மதி. திட்டலாமா என்பதில்தான் ரெண்டு வாரம் விவாதம் போனது. குரல் உயர்த்தலாம், கை ஓங்கக்கூடாது என்று முடிந்தது.

என்ன கூப்பிடுவது என்றும் ஒரு பேச்சு வந்தது. எனக்கு 'ஆன்ட்டி' பிடிக்காது. அது மரியாதை, உறவு இல்லை. ஆன்ட்டி திட்டினால் பிள்ளைக்குக் கோபம் வரும், அத்தை திட்டினால் அழுகை வரும். தெலுங்குக் குடும்பத்துக்குப் பிரச்சினையே இல்லை, அவர்கள் மொழியிலும் அத்த, மாமதான். அதே பெட்டி, அதே வேலை. ஹிந்தி பேசும் வீட்டில் அப்பாவின் தங்கையா அம்மாவின் அண்ணியா என்று முதலில் முடிவு செய்யாமல் ஒரு சொல்லும் சொல்ல முடியாது என்றார்கள். கடைசியில் அந்த வீட்டுப் பையனே என் மனைவியை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். என் அம்மா மறுபடி பின்னம் சொல்லிக்கொடுக்கிறார். பதினோரு பேர் இல்லை, ஐந்து பேர். இந்த முறை மாதம் ஒரு தொகையை நாலு வீடும் சேர்ந்து அவர் கணக்கில் போடுகிறோம். முதலில் வேண்டாம் என்றார். இப்போது தேதி ரெண்டு நாள் தள்ளினால் கேட்கிறார்.

வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இன்னும் வீடு அமையவில்லை. அன்றைக்கு நான் மூன்றரைக்கே லேப்டாப்பை மூடிவிட்டு, ராத்திரி ஒன்பதுக்கு மேல் மீதி வேலையைப் பார்க்கிறேன்.